ஹங்கேரி நடனத்தில் ஒரு தனி ஆவர்த்தனம்

மிருதங்கம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது இரண்டு நொடி சத்தமில்லாமல் இருந்தால் பொறுக்காது. கை துறுதுறுக்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கைப்பையில் தட்டுவோம். பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால் இலையின் ஓரத்தில் தட்டுவோம். என் கல்யாண வீடியோவில், தாலி கட்டும் நேரத்தில் என் வலது கை முழங்காலில் கெட்டிமேளத்தோடு போட்டி போட்டுக்கொண்டிருப்பது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. (அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி முடிச்சுப் போட்டார். நல்ல மனுஷர்.)

இந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த காலத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. திருவனந்தபுரத்தில், வலியசாலை அக்ரஹாரத்தில் அப்பா, அம்மா, அண்ணாவோடு இருந்தேன். காலையில் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறிப் போய், மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வீட்டு மனிதர்களிடம் தப்புக் கண்டுபிடிப்பேன். மிச்ச நேரத்தில் மிருதங்கம்.

பன்னிரண்டு வருஷம் கற்றுக்கொண்டிருந்தேன். வாசிப்பு பிரமாதம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் காலப்பிரமாணம் அசையாது. எந்த வேகத்தில் ஆரம்பித்தேனோ அதே வேகத்தில்தான் முடிப்பேன். நடுவில் கரண்ட் போனாலும் சரி, பாடகர் போனாலும் சரி. "ராஜி வாசிச்சாள்னா கடியாரத்தைத் திருத்தி வெச்சுக்கலாம்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பெருமை என் தலைக்கு ஏறி அங்கேயே குடித்தனம் செய்துகொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் அண்ணாவுக்குக் கல்யாணம் ஆகி வித்யா மன்னி வந்தாள். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சீர்வரிசையில் குத்துவிளக்கு, வெள்ளிச் சொம்பு எல்லாம் வந்ததை எங்கள் தெரு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரியில் ஒரு பியானோ வந்து இறங்கியதைத்தான் பார்த்தது. வாசல்நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே ஏற்ற முடிந்தது. எட்டுப் பேர் தூக்க, இருபது பேர் வழி சொன்னார்கள்.

மன்னி ஒரே மாதத்தில் நாலு குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு ஆரம்பித்தாள். இரண்டே வாரத்தில் அது நின்றது. எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'தீர்க்காயுசு' என்பார்கள். பக்கத்து வீட்டில் பிறந்து மூன்று மாதமான குழந்தை ஒன்று இருந்தது. பியானோவில் கை வைத்தால் அது வீறிடும். அந்த வீட்டு மாமி சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். அவள் கண்ணில் தூக்கமில்லாமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து பேசாமல் நின்றாள். மன்னி பியானோவை மூடிவிட்டாள்.

"மாதுங்காலே எனக்கு முப்பது கொழந்தைகள் இருந்தா ராஜி" என்றாள் அன்றைக்கு. "இந்த ஊர்லே எனக்குன்னு ஒரு ரூம் கெடைச்சாப் போறும். சனி, ஞாயிறு மட்டும். இல்லைன்னா நான் இங்கே உங்கண்ணாவோட ஆம்படையா, அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தெருக்கோடியில் எங்கள் சங்கத்துக்கு ஒரு ஹால் உண்டு. கச்சேரி, பஜனை, சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் அங்கேதான். ஹாலை ஒட்டி ஒரு பக்க அறை சும்மா கிடந்தது. பஜனைக் கோஷ்டிக்காக வாங்கிய பெரிய கீபோர்டு ஒன்றும் இருந்தது. சங்கத்துச் செக்ரெட்டரி, ரிட்டயரான எஞ்சினீயர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்றாலும் அவரை எல்லாரும் செக்ரெட்டரி மாமா என்றுதான் கூப்பிட்டோம். எந்தக் கச்சேரியானாலும் முதல் வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். பாடுகிறவர் ஒரு இழை இழுத்துவிட்டால் போதும், தொடையில் விழும் அடி பலமாகும். வெளியூர் வித்வான்களே அவர் கையைப் பார்த்து வேர்த்திருக்கிறார்கள்.

மன்னியும் நானும் போய்க் கேட்டோம்.

"ரூம் தரதிலே எனக்கொரு விரோதமும் இல்லை, கேட்டயா" என்றார் மாமா. "ஆனா கமிட்டிலே நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவா. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அரைமணி நேரம் வாசிச்சுக் காமி. எல்லாரும் கேக்கட்டும். நன்னாருந்ததுன்னா ரூம் உனக்காக்கும். பின்னே, நம்ம வாத்தியம் ஒண்ணும் கூட இருக்கட்டும். வெறும் கீபோர்டுன்னா பந்தல்லே வாசிக்கற கோஷ்டிம்பா."

"நான் இருக்கேனே மாமா!" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மன்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மன்னி ஐந்தாறு சின்னச் சின்ன உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தாள். கடைசியாக ஒரு ஹங்கேரிய நடனம். ஹங்கேரி நாட்டு ஜனங்கள் ஆடுகிற ஆட்டத்தின் போக்கில் எழுதின பியானோ இசை. அது ஒன்றுக்கு மட்டும் நான் மிருதங்கம் என்று ஏற்பாடு. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தடுப்பூசிக்கு எடுத்துக்கொண்டு போன நேரம், ஊருக்குப் போன நேரம் என்று பார்த்துப் பார்த்து ஒத்திகை செய்தோம்.

முதல் நாளே தகராறு.

"ஜி மைனர்" என்றாள் மன்னி.

"அஞ்சு கட்டை" என்றேன், அதே சுருதிக்கு எங்கள் பக்கத்துப் பெயர். அதுவரை சரியாகத்தான் இருந்தது.

மன்னி வாசித்தாள். முதலில் நிதானமாக, கனமாக. பிறகு ஓட்டம். திடீரென்று இழுவை. மறுபடி ஓட்டம். நான் தாளம் போட்டுப் பார்த்தேன். என் கை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"மன்னி, காலப்பிரமாணம் நிக்கலை. ஓடறே."

"ஓடணும். அப்படித்தான் எழுதியிருக்கு."

"இப்போ இழுத்தே."

"இழுக்கணும். அதுவும் எழுதியிருக்கு."

ஓடுவதும் இழுப்பதும் எங்கள் பக்கத்தில் இரண்டு பெருங்குற்றங்கள். இந்த ஊரில் கல்யாணம் நின்றுபோகக்கூட இதைவிடச் சின்னக் காரணம் போதும். அதைக் காகிதத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு அந்த ஹங்கேரிக்காரர்கள் மேல் பரிதாபமே வந்துவிட்டது. பாவம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை போலிருக்கிறது.

"சரி, இது சந்தோஷமான பாட்டா, சோகமா?" என்று கேட்டேன். செக்ரெட்டரி மாமாவுக்கு இந்தப் பாட்டின் பதிவு ஒன்றை மன்னி முன்கூட்டியே வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். அவர், "கீரவாணியாக்கும்" என்று ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பத்து நிமிஷம் கழித்து, "ஒரு எடத்திலே சிம்மேந்திர மத்யமம் எட்டிப் பாக்கறது. சம்சயமா இருக்கு" என்று இன்னொன்று. இரண்டுமே எனக்குக் கண்ணில் ஜலம் வரவழைக்கிற ராகங்கள். அதில் எப்படி ஆடுவார்கள்?

"ரெண்டும்தான்" என்றாள் மன்னி. "மெதுவா வரச்சே அழறா. வேகமா வரச்சே அதே அழுகையைத் தூக்கிண்டு ஆடறா. ஸ்வரமெல்லாம் அதேதான். வேகம்தான் மாறும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினேன். அது எனக்கு ஆபீஸில் பழக்கம்.

அடுத்து வந்ததுதான் வினை. பாட்டின் நடுவில், ஓட்டம் உச்சத்துக்குப் போகும்போது, மன்னி சட்டென்று இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகுதான் மறுபடி ஆரம்பித்தாள். காகிதத்தில் அந்த இடத்துக்கு மேல் ஒரு அரைவட்டம், அதற்குள் ஒரு புள்ளி.

"இது என்ன?"

"இங்கே நிறுத்தணும்."

"எத்தனை அட்சரம்?"

"எத்தனைன்னு இல்லை. போறும்னு தோணற வரைக்கும்."

"தோணற வரைக்கும்னா எத்தனை?"

"ராஜி, அன்னன்னிக்கு எப்படித் தோணறதோ அப்படி."

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னால் மிகை இல்லை. கணக்கில்லாத இடைவெளி! வீட்டுக்கு நடுவில் தளம் போடாமல் ஒரு குழியை விட்டுவிட்டு, 'எவ்வளவு ஆழம்னு இல்லை, விழறவாளுக்குத் தோணற வரைக்கும்' என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர் இல்லையா? மன்னிக்குத் தெரியாமல் ஒத்திகைகளைப் பதிவு செய்து, அவள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நிறுத்துகிறாள் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல் போட்டேன். பதினோரு ஒத்திகை. சராசரி எடுத்தேன். மூன்றேகால் அட்சரம்.

அட்சரத்துக்கு நாலு மாத்திரை, அதனால் மூன்றேகால் அட்சரம் என்றால் பதின்மூன்று மாத்திரை. இதைப் படிக்கிறவர்களில் மிருதங்கக்காரர்கள் யாராவது இருந்தால் இப்போதே சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 'தகிட' மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி: மூன்றும் இரண்டும் மூன்றும் இரண்டும் மூன்றும் பதின்மூன்று. வாசிப்பை முத்தாய்ப்பு வைத்து முடிக்கிற, கச்சிதமான ஒரு தீர்மானம். பகவானே எனக்காக அந்த ஹங்கேரிய நடனத்தில் பதின்மூன்று மாத்திரை ஒதுக்கி வைத்திருக்கிறார்! மன்னியிடம் சொல்லவில்லை. மேடையில் வாசித்து அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன்.

ஆச்சரியப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. ஹாலில் ஒரு அறுபது, அறுபத்தைந்து பேர். முதல் வரிசை நடுவில் செக்ரெட்டரி மாமா, கை தொடைமேல் தயார். அவருக்கு இரண்டு பக்கமும் கமிட்டிக்காரர்கள். மூன்றாவது வரிசையில் அம்மா, பட்டுப்புடவையில். பின்பக்கம் கேண்டீனிலிருந்து ரசவடை வாசனை. அங்கே ஒரு சேட்டன் எங்கள் விசேஷங்களுக்கெல்லாம் வந்து காபி போடுவார். அன்றைக்கும் வந்திருந்தார்.

மன்னி சின்ன உருப்படிகளைத் தனியாக வாசித்தாள். ஜனங்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எங்கே கைதட்டுவது என்று தெரியவில்லை. மன்னி ஒவ்வொன்றையும் முடித்து எழுந்து குனிந்து வணங்கினாள். முடிந்துவிட்டதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் செருப்புத் தேடினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டதை மன்னியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஹங்கேரிய நடனம்தான் காப்பாற்ற வேண்டும். நான் மேடை ஏறி, கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மன்னி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்து ஆரம்பித்தாள்.

முதல் ஸ்வரத்திலேயே எனக்குப் பகீரென்றது. சுருதி சேரவில்லை. என் மிருதங்கம் ஐந்து கட்டையில் இருக்கிறது. கீபோர்டு நாலரையில் பேசுகிறது. முந்தின நாள் பஜனையில் பாடினவருக்காக யாரோ பட்டனை அழுத்தி அரைக் கட்டை இறக்கியிருக்கிறார்கள். அதைத் திரும்ப ஏற்றவில்லை. அதற்கு முன் வாசித்த உருப்படிகளும் நாலரையில்தான் போயிருக்கின்றன. எனக்கு வேலை இல்லாததால் நான் கவனிக்கவே இல்லை, ரசவடையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கச்சேரியில் சுருதி கலைந்தால் என்ன செய்வோம்? மேடையிலேயே சரிசெய்வோம். பாடகர் பாடிக்கொண்டிருக்க, நாங்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்போம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நான் பையிலிருந்து சுருதி சேர்க்கிற கல்லை எடுத்தேன். மிருதங்கத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வளையத்தைக் கீழேயிருந்து மேலாக அடித்து இறக்கினேன். டொக். டொக். தொம் என்று ஒரு மீட்டு. இல்லை, இன்னும் கொஞ்சம். டொக். மன்னி அப்போது நடனத்தின் சோகமான, மெதுவான பகுதியில் இருந்தாள். "அழற வீட்டிலே ஆணி அடிச்ச மாதிரி இருந்தது" என்று பிறகு சொன்னாள். அவளுக்கும் சுருதி மாறியிருப்பது முதல் உருப்படியிலேயே தெரியுமாம். ஆனால் அந்தக் கீபோர்டில் எந்தப் பட்டன் என்று அவளுக்குத் தெரியாது, அவர்கள் சம்பிரதாயத்தில் ஆரம்பித்துவிட்டால் நிறுத்தவும் கூடாது.

ஒருவழியாகச் சேர்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். மன்னி ஓட வேண்டிய இடத்தில் ஓடப் பார்த்தாள். நான் விடவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கப் பார்த்தாள். அதையும் விடவில்லை. செக்ரெட்டரி மாமாவின் கையும் என் கையும் ஒன்றாக இருந்தன. நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த நடனத்தைப் போலீஸ் அணிவகுப்பாக மாற்றிவிட்டோம். மாமாவின் முகத்தில் திருப்தி. என் முகத்தில் பெருமை. மன்னியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த இடம் வந்தது. மன்னி இரண்டு கையையும் தூக்கினாள்.

தகிட... தகிட... தகிட!

வாழ்க்கையில் நான் அவ்வளவு சுத்தமாக ஒரு தீர்மானம் வைத்ததில்லை. முடித்துவிட்டு, மன்னி சமத்தில், தாளத்தின் முதல் அடியில், வந்து விழுவாள் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் வரவில்லை. தூக்கின கை தூக்கினபடி, கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் என் நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். கச்சேரி மேடையில் பிரதான வித்வான் பாட்டை நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு, மிருதங்கக்காரரைப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'இனி உன் பாடு, தனி ஆவர்த்தனம் வாசி.' பன்னிரண்டு வருஷமாக நான் இதற்குத்தானே தவம் கிடந்தேன்? மன்னியின் பெருந்தன்மையை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

எனக்கு மட்டும்தான் அந்த அர்த்தம் தெரியும் என்றில்லை. ஹாலில் இருந்த அறுபது பேருக்கும் தெரியும். தனி ஆவர்த்தனம் வந்தால் எங்கள் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை எங்கே கைதட்டுவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் கட்டுண்டு கிடந்தவர்கள், பழகின சத்தம் கேட்டதும் விடுதலை பெற்றார்கள். பின்வரிசை முழுசாக எழுந்தது. நடுவரிசை எழுந்தது. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். நான் நாலாவது தாளச் சுற்றில் நிமிர்ந்து பார்த்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பட்டுப்புடவை கேண்டீனைப் பார்த்து விரைந்துகொண்டிருந்தது. என் அம்மா.

("தெனம் ஆத்திலே கேக்கறேனே. வடை ஆறிப்போயிடும்னாக்கும் போனேன்" என்பது அவள் தரப்பு.)

ஹாலில் மிஞ்சியவர் செக்ரெட்டரி மாமா ஒருவர்தான். தாளம் போடுகிறவர் தனியில் எழுந்து போக முடியாது. அது அவர் தர்மம். நான் நாலு நிமிஷம் வாசித்தேன். மோரா வைத்தேன். முடிவுக்குக் கோர்வை வைத்தேன். மூன்று தடவை வைத்து, சமத்தில் கொண்டுபோய் இறக்கினேன். "பேஷ்!" என்றார் மாமா, காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து.

நான் முகமெல்லாம் பல்லாக மன்னியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அவள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணில் பட்டது. கொட்டாவி விட்ட கமிட்டிக்காரரின் நாற்காலி, அவருக்குப் பக்கத்து நாற்காலி, அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக. அவள் கேட்டது ஒரு அறை. சனி, ஞாயிறு மட்டும். அந்த அறையைத் தரவேண்டியவர்கள் பின்னால் வடை தின்றுகொண்டிருக்கிறார்கள். அனுப்பினது நான்.

மன்னி புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். கீபோர்டில் கையை வைத்தாள்.

அது ஓட்டம் இல்லை, பாய்ச்சல். நான் பழக்க தோஷத்தில் இரண்டு சுற்று என் வேகத்தில் வாசித்தேன். அவள் எங்கேயோ போய்விட்டாள். மாமாவின் கை என்னோடு ஒரு அடி, அவளோடு ஒரு அடி என்று அல்லாடியது. கடைசியில் தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை. நானும் கையை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக, ஒரு பாட்டு நடக்கும்போது எண்ணாமல் உட்கார்ந்து கேட்டேன்.

என்னவென்று சொல்வது? ஸ்வரமெல்லாம் அதேதான். கொஞ்சம் முன்னால் அழுததே, அதே ஸ்வரங்கள். அதே ஜி மைனர் (அரைக் கட்டை குறைவாக). ஆனால் அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். நடுவில் ஒரு கணம் சங்கராபரணம் மாதிரி வெளிச்சமாக ஒரு துண்டு வந்து, இழுத்து, கொஞ்சி, மறுபடி பழைய இடத்துக்கே ஓடியது. வேகம் மாறுவதுதான் அந்தப் பாட்டின் உயிர் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நசுக்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சொல்லப்போனால், சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே என் தோள் குலுங்கியது.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி அந்த நிறுத்தம். காகிதத்தில் இன்னொரு அரைவட்டம், புள்ளி. மன்னி இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஹாலில் ஈ, எறும்புச் சத்தம் இல்லை. எத்தனை அட்சரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. போதும் என்று எனக்குத் தோன்றிய அதே கணத்தில் அவள் கையும் இறங்கியது.

பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. ஆனால் ஹாலுக்குள் இருந்து இல்லை, பின்னாலிருந்து. திரும்பிப் பார்த்தால் கேண்டீன் வாசலில் மொத்தக் கூட்டமும் நின்றுகொண்டிருந்தது. ஒரு கையில் காபி இருந்ததால் பாதிப் பேர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மன்னி பாய ஆரம்பித்ததும் கேண்டீனில் முதலில் குழந்தைகள் குதித்திருக்கிறார்கள். நாற்காலியில் அடக்கி வைக்க அங்கே நாற்காலி இல்லை. சேட்டன் காபி பாய்லரின் மேல் கரண்டியால் தட்டியிருக்கிறார். கொட்டாவி விட்ட கமிட்டிக்காரர், கையில் வடையோடு இடுப்பை ஆட்டியதாகத் தகவல். அம்மாவும் ஆடினாள். ஆடவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள், ஆனால் பார்த்தவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். எங்கள் தெரு ஜனங்களை வரிசையாக உட்காரவைத்து ஹங்கேரிய நடனம் கேட்கச் சொன்னால் கொட்டாவிதான் வரும். கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து நிற்கவைத்தால் ஹங்கேரிக்காரர்களாகவே ஆகிவிடுகிறார்கள்.

"எந்தா பாட்டு சேச்சீ!" என்று சேட்டன் மன்னிக்கு ஒரு காபியை நீட்டினார். "ஒன்னுகூடி வாயிக்குமோ?" இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறார். மன்னி காபியை வாங்கிக்கொண்டு கீபோர்டின் மேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நான் பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன்.

"மன்னி, கோவமா?"

"உனக்கு தனி கொடுத்தேன்னு நெனைச்சியாடி நீ?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் சிரித்தாள். "நான் அதிர்ச்சிலே கையை மடியிலே வெச்சேண்டி, அதிர்ச்சிலே!"

செக்ரெட்டரி மாமா மெதுவாக எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றோம்.

"ராகம் சிம்மேந்திர மத்யமம்தான், தீர்மானிச்சாச்சு" என்றார் மாமா. "தாளத்தைப் பத்தி எனக்கொண்ணும் மனசிலாகலை. என் கை நின்னுபோச்சு, கேட்டயா? அறுவது வருஷத்திலே நின்னதில்லை. ஆனா கால் ஆடித்து. அது எப்படி ஆடித்துன்னு எனக்குத் தெரியலை." கொஞ்சம் யோசித்தார். "சனி, ஞாயிறு ரூமை எடுத்துக்கோ. என் பேத்தியையும் சேத்துக்கோ. ஒரு காரியம் மாத்திரம் சொல்றேன்."

"சொல்லுங்கோ மாமா" என்றாள் மன்னி.

அவர் என்னைப் பார்த்தார். "அந்த ரூமுக்குள்ளே மிருதங்கம் வரப்படாது."

தனி பேஷாக இருந்தது என்று சொன்ன அதே வாய். சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் இதை ஒரு தீர்மானமாகவே எழுதி, கமிட்டி கையெழுத்துப் போட்டது. நான் மேடையில் வைத்த தீர்மானத்தைவிட அது நீண்ட நாள் நிற்கிறது. இன்றும் அமலில் இருக்கிறது.

இப்போது மன்னியிடம் நாற்பத்துச் சொச்சம் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டில் வீறிட்ட குழந்தை அதில் ஒன்று. ஒவ்வொரு குழந்தையும் புதுப்பாட்டு ஆரம்பிக்கும்போது, காகிதத்தில் எங்கெல்லாம் அரைவட்டமும் புள்ளியும் வருகிறதோ அங்கெல்லாம் மன்னி பென்சிலால் 'ராஜி' என்று எழுதிவிடுவாள். முதலில் அவளுக்கு ஒரு வேடிக்கையாக ஆரம்பித்தது. பிறகு வகுப்பில் அதுவே அந்தக் குறிக்குப் பெயராகிவிட்டது. "டீச்சர், இங்கே ஒரு ராஜி அத்தை வராளே, எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று கேட்கிறார்களாம். எனக்குக் கல்யாணமாகி, நான் கரமனைக்குப் போய், மிருதங்கமும் பரணுக்குப் போய்விட்ட பிறகும் வலியசாலையில் என் பெயர் இப்படி விளங்கிக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் அண்ணாவின் பெண் பியானோ பரீட்சைக்குப் போனாள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் பரீட்சை நடத்தினார். காகிதத்தில் அந்தக் குறியைக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் கொஞ்சமும் தயங்காமல் "ராஜி அத்தை" என்றிருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்திருக்கிறார்.

"ரெண்டு கையையும் எடுத்துடணும். போறும்னு தோணற வரைக்கும் காத்துண்டு இருக்கணும். நடுவிலே யாராவது வாசிக்க வந்தா, விடப்படாது" என்று ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறாள்.

முழு மார்க் போட்டிருக்கிறார்.